அகயேசு தீர்ப்பு: நவி பிள்ளை தலைமை நீதிபதியா?

1994 ருவாண்டா இனப்படுகொலை தொடர்பாக அகயேசு என்ற முன்னாள் மேயர் மீது ஐ.நா.வின் ருவாண்டா தீர்ப்பாயத்தில் நடந்தது அகயேசு வழக்கு. அதில் தலைமை நீதிபதியாக இருந்து நவநீதம் (நவி) பிள்ளை தனியாகவே தீர்ப்பு எழுதினார் என்று ஒரு பதிவில் இருக்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். ஒரு சின்னத் திருத்தம்.

அந்த அமர்வில் மூன்று நீதிபதிகள். தலைமை வகித்தவர் செனகல் நாட்டின் லைட்டி காமா. மற்ற இருவர் ஸ்வீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரன், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த நவி பிள்ளை. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு மூவருக்கும் உரியது. பிள்ளை அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவரானது அதற்குப் பிறகு, 1999இல். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இதனால் அவர் பங்கு குறைந்துவிடாது. முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. சாட்சி சொன்ன பெண்கள் அதைப் பற்றிப் பேசியபோது விடாமல் கேட்டவர்களில் அவர் முக்கியமானவர். அப்போது அங்கிருந்த ஒரே பெண் நீதிபதியும் அவர்தான். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் முதன்முதலில் சொன்னது இந்த வழக்கில்தான்.

சரிபார்க்க விரும்புவோர் ருவாண்டா தீர்ப்பாயத்தின் ஆவணங்களை இப்போது வைத்திருக்கும் ஐ.நா. எஞ்சிய பணிகள் அமைப்பின் இணையதளத்தில் 'ஐசிடிஆர்-96-4-டி' என்ற வழக்கு எண்ணை ஆங்கில எழுத்தில் (ICTR-96-4-T) தேடுங்கள். தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே மூன்று பெயர்களும் இருக்கும். காமாவின் பெயருக்குப் பக்கத்தில் 'தலைமை' என்ற குறிப்பும்.