‘உணர்ச்சிக்கு இங்கே இடமில்லை சார்’

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம், தொழிலாளி மேல் வந்த புகாரைக் கம்பெனிக்குள்ளேயே விசாரிக்கும் டொமஸ்டிக் என்கொயரி நடத்தப் போனால் எனக்கு முதலில் கிடைப்பது ஒரு அட்வைஸ். டீ கூட அப்புறம்தான் வரும். ‘உணர்ச்சிக்கெல்லாம் இங்கே இடமில்லை சார், ஃபேக்ட் மட்டும் பாருங்க.’ (கிருஷ்ணகிரியில் வக்கீல் தொழில், கம்பெனிகள் கூப்பிட்டால் என்கொயரி ஆபீசராகவும் போவேன்.) சொல்பவர் பெரும்பாலும் ஹெச்ஆர் அதிகாரி, சொல்லும்போதே அவர் முகம் சிவந்திருக்கும், அந்தத் தொழிலாளியின் பெயரை எடுத்தாலே குரல் ஏறும். ஆக, இடமில்லாதது தொழிலாளியின் உணர்ச்சிக்கு மட்டும்தான். நிர்வாகத்தின் கோபம் ஏற்கெனவே சார்ஜ் மெமோவாக, அதாவது குற்றச்சாட்டுக் கடிதமாக, டைப் ஆகி, நம்பர் போட்டு, ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது. உணர்ச்சியைக் கவனித்துப் புரிந்துகொள்ளும் உணர்வு நுண்ணறிவு யாருக்கு வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஒரு கேஸ் சொல்கிறேன். கம்பெனி எது, ஆள் யார் என்று கேட்காதீர்கள், அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நைட் ஷிப்ட் முடியப்போகும் நேரம். பென்னாகரம் பக்கத்து ஆள், மெஷின் ஆபரேட்டர். மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வரவில்லை, மெஷினை நிறுத்திவிட்டு பாத்ரூம் போய் வருகிறார். புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பசங்களை வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் ஏதோ சொல்ல, இவர் அவருடைய அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை விட்டுவிட்டார். பேசியது உண்மை, அவரே மறுக்கவில்லை. சார்ஜ் மெமோவில் அந்த வார்த்தை எழுத்துக்கு எழுத்து இருக்கிறது. அதற்கு முன் சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று ஒரு வரி கிடையாது. கேட்டால், ‘வேலையைப் பற்றித்தான் கேட்டேன் சார்.’

சாட்சி ஒரு டிரெய்னி, சின்னப் பையன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன் அவன் கண் என் தோளைத் தாண்டிப் போய்விட்டு வருகிறது. எனக்குப் பின்னால் நிர்வாகத் தரப்பு ஆள் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறம் அந்த நாற்காலியை எடுத்துச் சாட்சிக்குப் பின்பக்கம் போடச் சொன்னேன். அவ்வளவுதான். பையன் கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் சொன்னான்: ‘மணிக்கொரு தரம் ஓடறவனுக்கு எதுக்கு வேலை, நாளையிலிருந்து டயபர் கட்டிக்கிட்டு வா’ என்று சூப்பர்வைசர் சொன்னாராம், எல்லோரும் சிரித்தார்களாம். அந்த ஆளுக்கு சுகர், லைனில் எல்லோருக்கும் தெரியும்.

இதில் இரக்கம் எங்கே இருக்கிறது? யாருக்கும் நான் சலுகை காட்டவில்லை. மறைந்திருந்த ஃபேக்ட் ஒன்று வெளியே வந்தது, ஃபேக்ட்தானே கேட்டார்கள்! உணர்வு நுண்ணறிவு என்றதும் தோளில் தட்டிக்கொடுப்பது, சிரித்துப் பேசுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் இதைப் பற்றி எழுதியபோதே, தன் உணர்ச்சியையும் அடுத்தவர் உணர்ச்சியையும் கவனித்து, பிரித்தறிந்து, அந்தத் தகவலை யோசிப்பதற்குப் பயன்படுத்துவது என்றுதான் சொன்னார்கள். நல்லவனாக இரு என்று சொல்லவில்லை.

சட்டத்துக்கும் இது புதுசு கிடையாது. 1971இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் 11ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். டிஸ்மிஸ் அதிகம் என்று பட்டால் லேபர் கோர்ட் தண்டனையைக் குறைக்கலாம் என்றது அந்தப் பிரிவு. மேலதிகாரியைத் தகாத வார்த்தை பேசிய ரமாகாந்த் மிஸ்ரா வழக்கில், 14 வருட சர்வீசில் அதற்கு முன் ஒரு குற்றச்சாட்டும் இல்லாதவருக்கு ஒரே ஒரு தரம் வாய் தவறியதற்காக வேலையே போவது அதிகம் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இரண்டு இன்கிரிமென்ட் வெட்டோடு விட்டது. உடனே தொழிலாளித் தோழர்கள் கைதட்ட வேண்டாம். 2005இல் மஹிந்திரா வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், லேபர் கோர்ட் குறைத்த தண்டனையை மாற்றி, சூப்பர்வைசரை ஆபாசமாகத் திட்டியவரின் டிஸ்மிஸ்ஸை உறுதி செய்தது. எந்தச் சூழலில், எந்த அளவுக்கு என்று பார்க்காமல் வார்த்தையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை மௌனம். ‘பதில் சொல்லவில்லை’ என்று ஒரு வரி எழுதி, அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம். நம் தருமபுரிக்காரர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, வாச்சாத்தி நம்ம ஊர்தானே. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் புகுந்து 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. யாரிடம் சொல்வது? செய்தவர்களே யூனிஃபார்ம் போட்டவர்கள், புகார் கொடுக்க வேண்டியவர்களை சேலம் ஜெயிலில் வைத்திருந்தார்கள். 269 பேர் மீது குற்றச்சாட்டு, அதில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011இல்தான். மேல்முறையீட்டில் 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் அதை உறுதி செய்தார். அதற்கு முன், அந்த வருடம் மார்ச்சிலேயே, வாச்சாத்திக்கு நேரில் போய் அந்த மக்களைப் பார்த்திருந்தார். நேரில் போனால் ஆதாரம் மாறிவிடாது, ஆனால் அந்த மலையடிவாரத்தில் நின்று பார்த்த ஒருவருக்கு ‘ஏன் ஓடிப்போய்ப் புகார் கொடுக்கவில்லை’ என்ற கேள்வி எவ்வளவு அபத்தம் என்று தெரிந்திருக்கும்.

மனசு வைத்தால் மட்டும் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2020இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், பெண்ணிடம் அத்துமீறிய வழக்கில் ஜாமீன் கேட்டவரை, அந்தப் பெண் வீட்டுக்கு ஸ்வீட்டோடு போய் ராக்கி கட்டிக்கொள்ளச் சொன்னது. உணர்ச்சி நிறைய இருக்கிறது, ஆனால் அந்த வாசலில் நிற்கப்போகும் பெண்ணின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று யாரும் யோசிக்கவில்லை. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தூக்கியெறிந்தது, நீதிபதிகளுக்கும் இதில் பயிற்சி வேண்டும் என்று சொன்னது. நீதிபதிகளுக்கே வேண்டும் என்றால் மற்றவர்களைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் சிப்காட்டில் அந்தப் பயிற்சி யாருக்கு நடக்கிறது தெரியுமா? லைனில் நிற்கும் பசங்களுக்கு. கோபத்தை எப்படி அடக்குவது, எப்படி மூச்சு விடுவது, எப்படிச் சிரித்த முகமாக இருப்பது என்று. போன மாதம் ஒரு கம்பெனியில் இப்படி ஒரு வகுப்புக்கான லிஸ்டைக் காட்டினார்கள். டிஸ்மிஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிற ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. முதலில் உங்கள் ஃபேக்டரி மேனேஜர் பெயரைச் சேருங்கள் என்றேன். ‘அவருக்கு நேரமில்லை சார்’ என்றார்கள்.