மாறச் சொல்வது வேறு, சும்மா கேட்பது வேறு

அந்தத் தேன் காணொளியை நேற்றிலிருந்து எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நண்பர்களே, போதும். பார்த்துவிட்டேன். ஆம், பத்திரிகை காணொளியாக்கியிருப்பது நான் அவர்களுக்கு எழுதிய தேன் கட்டுரையைத்தான். இல்லை, என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பத்திரிகை அலுவலகத்துக்குப் பேசினேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், பத்திரிகைத் துறையே மாறிவிட்டது. எழுதுகிறவர்களும் மாற வேண்டும்."

நான் மாறவில்லையா? தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையையும் வைத்து அனுப்பிய கை இது. பிறகு தட்டச்சு படித்தேன், யூனிகோடு படித்தேன், கைபேசியில் படமும் எடுத்தேன். எட்டுப் பக்கம் கேட்டவர்கள் இன்று முந்நூறு சொல் கேட்கிறார்கள், கொடுக்கிறேன். தலைப்பில் 'அதிர்ச்சி' வேண்டும் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் போட்டேன். மாறச் சொல்லுங்கள், மாறுகிறேன். எழுத்தைக் காசில்லாமல் சும்மா கேட்காதீர்கள்.

பத்திரிகைகள் நஷ்டத்தில் ஓடுவது தெரியாதா என்று வருவீர்கள். தெரியும். 1941இல் தொடங்கிய கல்கியே 2020 ஊரடங்கில் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. அன்று எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனால் காகிதக்காரர் கடனுக்காவது எழுதிக்கொள்கிறார். கரண்டு பில்லைக் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குகிறார்கள். நஷ்டம் என்றதும் என் தலை மட்டும்தான் கண்ணில் படுகிறது.

ஒப்பந்தம் போட்டிருக்கலாமே? போடவில்லை, என் தவறுதான். ஆனாலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரின் உரிமை, அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதவரை அவருடையதுதான். வழக்குப் போடு என்கிறீர்களா? நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போய்வரும் ரயில் டிக்கெட்டுக்கே அந்தக் கட்டுரைக்குத் தந்த பணம் போதாது.

எழுத்து ஒரு தவம் என்று நேற்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். அவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது. தவம் செய்ய வசதிதான்.

என் முதல் கதைக்கு நூறு ரூபாய் மணியார்டர் வந்தது. தக்கலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று தபால்காரர் என் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். அம்மா அந்த நோட்டை இரண்டு நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்து, மூன்றாம் நாள் மண்ணெண்ணெய் வாங்கினாள். அடித்தாள் என்னிடம் இன்னும் இருக்கிறது. பேராசை என்பவர்கள் வந்து பார்க்கலாம்.

பணத்தையும் விடுங்கள். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டிகளுக்கு நடுவே மூன்று நாள் நின்று, கண்ணிமையில் கொட்டு வாங்கி எழுதினேன். ரப்பரில் தேன் ஊறுவது பூவில் அல்ல; இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும்போது இலைக்காம்பின் நுனியில். அந்தப் பெட்டிகளை வைத்திருந்த பெரியவர் ஒரு தளிரைக் கிள்ளி என் நாக்கில் வைத்துக் காட்டினார். காணொளியில் அந்த இயந்திரக் குரல் 'ரப்பர்ப் பூவின் தேன்' என்று நான்கு முறை சொல்கிறது. படத்தில் இருப்பது அவருடைய பெட்டிகள்.

இன்று காலை அவர் கூப்பிட்டார். "தம்பி, அவ்வளவு சொல்லியும் பூ என்றா எழுதினீர்கள்?"

ஞாயிற்றுக்கிழமை பழைய இதழை எடுத்துக்கொண்டு போகிறேன்.