பெல்லந்தூர் நுரை யார் வீட்டு நுரை?

"பெல்லந்தூர் ஏரி நுரைக்குத் தொழிற்சாலைகள்தான் காரணம், வீடுகளுக்குச் சம்பந்தமில்லை" என்று பெங்களூர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ஆலைக் கழிவும் கலக்கிறது, சரி. ஆனால் பெரும்பகுதி வீட்டுச் சாக்கடைதான். நம் சோப்புத்தூளில் இருக்கும் நுரைக்கும் பொருள் சேற்றோடு அடியில் படிந்து கிடக்கும். மழை வெள்ளம் அதைக் கிளறிவிடும். அப்புறம் மதகில் தண்ணீர் விழும்போது காற்று புகுந்து பொங்கும். இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இது.

2018 ஜனவரியில் ஏரி தீப்பற்றியதாகச் சொன்னார்களே, அப்போது எரிந்ததும் தண்ணீர் அல்ல, காய்ந்த புல்.

ஒருகாலத்தில் கரையோர ஊர்கள் இந்த ஏரியை நம்பி நெல் விளைவித்தன, மீன் பிடித்தன. இப்போது இதன் நீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலும் நுரைக்கிறது.