ஆனி பிறக்கும்போது ஒரு லீவு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஆள் எடுப்பது, சம்பளக் கணக்கு, பிஎஃப், ஈஎஸ்ஐ, ஹாஸ்டல், லைனில் சண்டை வந்தால் பேசித் தீர்ப்பது எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஆட்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் "இங்கே பாகுபாடு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். "எல்லாரும் ஒண்ணுதாங்க, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்பேன். மனதாரத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதில் தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு லீவு லெட்டர்.

எங்கள் மூன்றாவது லைனில் பேட்லாக் தையல் மெஷினில் உட்காரும் பெண். ஒடிசாவில் பாலசோர் பக்கம். இருபது வயதுகூட இருக்காது. ஜூன் 14, 15, 16 மூன்று நாளும் லீவு வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். காரணம் என்ன என்றதற்கு 'ரொஜொ' என்றிருக்கிறாள். அவருக்கு அது ராஜா என்று காதில் விழுந்தது. ஷிப்மெண்ட் நேரம் வேறு. முடியாது என்று அனுப்பிவிட்டார். அவள் மூன்று நாளும் வரவில்லை. ஊருக்கும் போகவில்லை, ஹாஸ்டலிலேயே இருந்தாள். சொல்லாமல் லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் பிடித்தம். கையெழுத்துப் போட்டது நான்தான்.

சனிக்கிழமை சம்பளம் கொடுத்த பிறகு செக்கிங்கில் இருக்கும் ஒரு பெரியம்மா என்னிடம் வந்தார். ஒடியாவில் ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. ஆனால் அந்தப் பெண் செல்போனில் காட்டிய வீடியோவைப் பார்த்திருக்கிறார். மரத்தில் கயிறு கட்டி, புதுத்துணி போட்ட பெண்பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். "நம்மூர்ல ஆடிக்குத் தூரி கட்டி ஆடறமே, அதாட்டந்தான் கண்ணு. அதுக்குப் போயி காசப் புடிச்சுட்டீங்களே" என்றார்.

அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். நமக்கு ஆனி பிறக்கும் நாள்தான் ஒடிசாக்காரர்களுக்கு அந்த ரொஜொ நோன்பின் நடுநாள். அந்த மூன்று நாளும் பூமித்தாய்க்கு மாதவிடாய் என்பது நம்பிக்கை. ஏர் பூட்ட மாட்டார்கள். மண்ணைக் கொத்த மாட்டார்கள். பெண்கள் அரைப்பதில்லை, அரிவதில்லை. பூமிக்கே ஓய்வு என்றால் பெண்ணுக்கும் ஓய்வு. வருடம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து தைக்கிற பிள்ளை அந்த மூன்று நாளைக் கேட்டிருக்கிறாள். நான் பிடித்தம் போட்டிருக்கிறேன்.

அப்புறம் எங்கள் லீவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விடுமுறைச் சட்டப்படி தேசிய விடுமுறையும் மே தினமுமாக நான்கு நாள் போக, பண்டிகைக்கு ஐந்து நாள். எங்கள் ஐந்தும் பொங்கலில் தொடங்கித் தீபாவளியில் முடியும். எங்களிடம் ரம்ஜான் கொண்டாடுகிற டெய்லர்கள் இருக்கிறார்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜைக்கு விரதம் இருக்கும் பீகார்க்காரர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பட்டியல்தான், ஆனால் அதை எழுதும்போது எங்கள் கண்ணில் இருந்தது ஒரே மாதிரி ஆள்தான். உள்ளூர் ஆளுக்கு அது இயல்பாகப் பொருந்தும். மற்றவன் ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டும். இதைத்தான் நான் சமத்துவம் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்காளம் என்று எங்கிருந்து வந்தாலும் இங்கே 'வடக்கன்' அல்லது 'ஹிந்திக்காரன்'. பம்பாய்க்குப் போன நம் ஆட்களை, திருநெல்வேலியோ பாலக்காடோ உடுப்பியோ, மொத்தமாக 'மதராசி' என்றார்கள். அந்தச் சொல் எப்படிச் சுட்டது என்று தாராவியில் இருந்து திரும்பிய பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நாம் ஏன் அதையே செய்கிறோம்?

நெருப்பு பிடித்தால் எந்த வழியாக வெளியே ஓட வேண்டும் என்ற பலகை எங்களிடம் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் இருந்தது. இந்தியில் எழுதியதும் நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். ஒடிசாப் பெண்களில் பலருக்கு ஒடியாதான் படிக்க வரும். மயூர்பஞ்சிலிருந்து வந்த இரண்டு பேருக்கு வீட்டு மொழி ஒடியாவும் இல்லை, சந்தாலி. அதற்கு 'ஓல் சிகி' என்று தனி எழுத்தே இருக்கிறது. ரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கியது. 2003-இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் தமிழோடு சேர்ந்து உட்கார்ந்த மொழி அது. எங்கள் ஹாஸ்டலில் அது பேசப்படுகிறது என்று எனக்கு ஐந்து வருடம் தெரியாது.

மொழி தெரியாததால் என்ன ஆகிறது தெரியுமா? இரண்டு பக்க மொழியும் தெரிந்த ஒரே ஆள், ஆட்களை ஊரிலிருந்து கூட்டி வரும் ஏஜெண்ட்தான். அவர் சொல்வதுதான் சம்பளம், அவர் சொல்வதுதான் விதி. ஒரு பெண்ணுக்கு அவர் மேலேயே புகார் என்றால், அதை அவரே எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு "எங்களிடம் புகாரே வருவதில்லை" என்று நானே ஆடிட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

2023 மார்ச் முதல் வாரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் ஆட்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கோ வேறு காரணத்துக்கு நடந்த சம்பவங்களின் வீடியோக்கள் அவை. பொய் என்று போலீஸ் சொன்னது. பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பித் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரித்தது. ஆனால் அதற்குள் ஊரிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டு போன் செய்தார்கள். ஹோலிக்குப் போகிறவர்களோடு பயந்தவர்களும் சேர்ந்து ரயில் நிலையத்தில் கூட்டம். எங்கள் அயர்னிங் செக்ஷனில் ஒரு திங்கட்கிழமை பாதி டேபிள் காலி.

ஆறு வருடம் எங்களோடு சாப்பிட்டு, எங்கள் பொங்கலுக்குக் கோலம் பார்த்து நின்றவர்கள். ஒருவர்கூட வந்து "மேடம், இது நிஜமா?" என்று கேட்கவில்லை. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. யோசித்தால் அவர்கள் யாரிடம் வந்து கேட்பார்கள்? பீஸ் எத்தனை முடிந்தது என்பதைத் தவிர நாங்கள் அவர்களிடம் வேறு எதுவும் பேசியதில்லையே. போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். அந்த வாரம் நான் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றதில்லை.

இதைப் படித்துவிட்டு, "உள்ளூர்க்காரனுக்கு என்ன செய்தீர்கள்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்மவர்களுக்குள்ளும் புதிதாகச் சேருகிறவரிடம் "நீங்க எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று விசாரிப்பது எதற்கு என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்து மதியம் யார் பக்கத்தில் யார் டிபன் பாக்ஸைத் திறப்பது என்பது முடிவாகிறது. வெளிமாநில ஆள் வந்த பிறகு வந்த வியாதி இல்லை இது. ஆள் எடுக்கும்போது அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் இப்போது நான் குறுக்கே பேசி நிறுத்துகிறேன்.

மற்றபடி சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. பண்டிகை நாளில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, ஐந்தில் இரண்டு நாளை விருப்பப்பட்டவர்கள் தங்கள் பண்டிகைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் பேசி வாங்கினேன். ஷிப்மெண்ட் கெட்டுவிடும் என்று பயந்தார். பண்டிகைத் தேதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு லைனைத் திட்டமிட்டால் கெடவில்லை. சொல்லாமல் போகிறவர்கள் குறைந்தார்கள். பலகைகளில் ஒடியா சேர்த்தோம், படமும் போட்டோம். ஆதாரில் இருப்பது போலவே பெயர் எழுத வேண்டும் என்று ரிஜிஸ்டரைத் திருத்தினோம். நாங்கள் வாய்க்கு வந்தபடி எழுதிய பெயரால் பிஎஃப் பணம் எடுக்க முடியாமல் எத்தனை பேர் அலைந்திருக்கிறார்கள்!

அந்தப் பெண்ணுக்குப் பிடித்த காசைத் திருப்பிக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். அவளுக்குப் புரியும்படி ஒடியாவில் சொல்லக் கற்றுக்கொண்டு போய்க் கேட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்குக் குழு வேண்டும் என்பது 2013 சட்டம். எங்களிடமும் இருக்கிறது. அதில் உள்ள எல்லாருக்கும் தமிழ் மட்டும்தான் பேச வரும். ஹாஸ்டலில் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் யாரிடம் எந்த மொழியில் போய்ச் சொல்வார்கள்? குழுவின் மூன்று வருடக் காலம் அடுத்த மாதம் முடிகிறது. லைனில் தைக்கும் ஒடியாப் பெண் ஒருவரை உறுப்பினராகப் போட வேண்டும், ஏஜெண்ட் இல்லாமல் மொழிபெயர்க்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்கப் போகிறேன்.