ஆலன் பேஜுக்கு ‘இரண்டாவது இன்னிங்ஸ்’ என்று ஒன்று கிடையாது

விளையாட்டு வீரர் ஒருவர் ஓய்வுக்குப் பிறகு வேறு துறையில் பெயரெடுத்தால், ‘இரண்டாவது இன்னிங்ஸ்’ என்று உடனே எழுதிவிடுகிறோம். பின்னாளில் நீதிபதியான அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆலன் பேஜின் வாழ்க்கைக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1945-இல் பிறந்த அந்தக் கறுப்பினச் சிறுவன், பந்தைக் கையில் எடுக்கும் முன்பே வழக்கறிஞராக ஆசைப்பட்டவன். சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் கால்பந்துப் புகழரங்கம் அதே ஊரில் எழும்பியபோது அங்கே கட்டட வேலைக்கும் போனார். 1988-இல் அந்தக் கட்டடமே அவரைத் தன் உறுப்பினராக வரவேற்றது.

1967 முதல் மினசோட்டா வைகிங்ஸ் அணியின் தடுப்பு வரிசையில் ஆடினார். 1971-இல் என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு முதன்முறையாக, அவருக்குக் கிடைத்தது. ஆனால் என் மனத்தில் நிற்பது வேறொரு காட்சி. அணியின் ஆட்டக் குறிப்பேட்டை உரக்கப் படிக்கச் சொன்னபோது சக வீரர்கள் சிலருக்கு வாசிக்கவே வரவில்லை என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கல்லூரி வரை போய் வந்தவர்கள் அவர்கள்! புகழரங்கத்தில் நுழைந்த நாளில் அவர் ஆட்டத்தை விடக் கல்வியைப் பற்றியே பேசியதும், தம்மை அறிமுகப்படுத்த ஒரு பள்ளித் தலைமையாசிரியையை அழைத்து வந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் சேர்ந்த சட்டக் கல்லூரியைச் சில வாரங்களிலேயே விட்டுவிட்டவர், களத்தில் ஆடிக்கொண்டே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மீண்டும் சேர்ந்து 1978-இல் பட்டம் பெற்றார். நெடுந்தூர ஓட்டத்தால் உடல் இளைத்துவிட்டது என்று அதே ஆண்டு வைகிங்ஸ் அவரைக் கைவிட்டது. வெறும் 100 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்ட சிகாகோ பேர்ஸ் அணியில் 1981 வரை ஆடினார். ஆக, சட்டம் அவருக்கு ஓய்வுக்காலத் தொழிலாக வந்து சேர்ந்ததல்ல.

மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992-இல் அந்தப் பதவிக்குப் போட்டியிட அவர் தயாரானபோது, பதவியில் இருந்தவரின் காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் தேர்தலே நடக்காது என்ற நிலை வந்தது. பேஜ் வழக்குத் தொடுத்தார். வழக்கிலும் வென்றார், தேர்தலிலும் வென்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகி, 70 வயதில் ஓய்வு பெறவேண்டும் என்ற விதிப்படி 2015-இல் விலகினார். அவரும் மனைவி டயானும் 1988-இல் தொடங்கிய கல்வி அறக்கட்டளையில் உதவித்தொகை பெறும் மாணவர்கள், தம்மினும் சிறிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை அது.

ஆட்டத்தில் பலமுறை மூட்டு விலகிய சுண்டுவிரல் இன்றும் கையிலிருந்து செங்கோணமாக விலகி நிற்கிறது. அதைப் பற்றி மகளோடு சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகமே எழுதினார். மினியாப்பொலிசில் மாரத்தான் நடக்கும்போது தம் வீட்டு வாசலில் நின்று, பள்ளி நாட்களில் கற்ற பெரிய டூபா குழலை ஊதி, ஓடி வருகிறவர்களை உற்சாகப்படுத்தியவரும் இதே நீதிபதிதான்.