ஏசியை அணைப்பது மட்டும் போதாது

கல்லூரி நூலகங்கள் மாலை 5 மணிக்கே ஏசியை நிறுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்கிறது உங்கள் கட்டுரை. சித்திரை வெயிலில் சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திருவாரூர், நாகை பக்கம் அப்படிச் செய்வது பூஞ்சைக்கு விருந்து வைப்பது மாதிரி. நாளெல்லாம் 20 டிகிரியில் குளிர்ந்துபோன புத்தக அட்டைமேல், ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்ததும் ஈரக்காற்று பட்டு வியர்க்கும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே சில நாள் நின்றால் புத்தகத்தின் காலிகோ துணி ஒட்டிய முதுகில் சாம்பல் பொட்டுகள் கிளம்பிவிடும். அதை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, இன்னும் பரவும். புத்தகத்தைத் தனியே எடுத்து நன்றாக உலரவிட்டு, அப்புறம் வெளியில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்ட வேண்டும் (முகக்கவசம் போட்டுத்தான்).

ஏசியை 26-இல் வையுங்கள். ரேக்கைப் புறச்சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டு, ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஈரப்பதம் காட்டும் ஈரமானி ஒன்று அடித்தட்டில் இருக்கட்டும், மேஜைமேல் வைத்தால் பொய் சொல்லும்.

விளக்கு விஷயம் எளிது: பழைய 40 வாட் டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட் வரை இழுக்கும், எல்இடிக்கு 20 போதும். ஆனால் ஹால் முழுக்க ஒரே சுவிட்ச் என்றால் என்ன லாபம்?

மின்சாரத்தை மிச்சப்படுத்த நூலகர்கள் தயாரா என்று கேட்கிறீர்கள். பல கல்லூரிகளில் மின்கட்டணம் மொத்தமாக அலுவலகத்துக்குப் போகிறது, நூலகம் எத்தனை யூனிட் எரிக்கிறது என்பதே நூலகருக்குத் தெரியாது. முதலில் தனி மீட்டர் போட்டுக் கொடுங்கள் சார்.