'லி' சேர்த்தால் மட்டும் போதாது
ஆங்கிலத்தில் பெயரடையோடு (பெயர்ச்சொல்லை விவரிக்கும் சொல்) 'லி' (-ly) சேர்த்தால் வினையடை (வினையை விவரிக்கும் சொல்) வந்துவிடும் என்று உங்கள் இலக்கணக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், பிள்ளைகள் மாட்டிக்கொள்வதே அங்கேதான். என் மகள் எட்டாம் வகுப்பில் 'ஷீ ஒர்க்ஸ் ஹார்ட்லி அண்ட் ஸ்பீக்ஸ் ஃப்ரெண்ட்லி' என்று எழுதிக்கொண்டு வந்தாள். ஹார்ட்லி என்றால் கடினமாக அல்ல, அவள் வேலையே செய்வதில்லை என்கிற அளவுக்குப் பொருள் தலைகீழாகிவிடும். உழைப்பைச் சொல்ல வெறும் ஹார்ட் போதும். ஃப்ரெண்ட்லி 'லி'யில் முடிந்தாலும் பெயரடைதான், 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று கொஞ்சம் சுற்றித்தான் சொல்லவேண்டும். ஃபாஸ்ட்டுக்கு 'லி'யே கிடையாது. தமிழில் அழகு என்பதோடு 'ஆக' சேர்த்தாலே வேலை முடிகிறது, அந்தப் பழக்கம்தான் இங்கே வழுக்கிவிடுகிறது. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் 'ஆல்தோ'வில் (although, இருந்தாலும்) தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' (but, ஆனால்) போடலாம் என்கிறார். கூடாது, 'மழை பெய்தாலும்' என்று சொல்லிவிட்டு நாமும் 'ஆனால்' போடுவதில்லையே.